காவிரிக் கரைச் சாலையில் நடப்பவருக்கு இடம் விட்டுக் கார் ஓட்டுவது எப்படி?

கல்லணையிலிருந்து பூம்புகார் நோக்கிக் காவிரியின் போக்கிலேயே செல்லும் சாலையில் புதிதாகக் கார் ஓட்டுபவருக்கு, கிளட்சும் கியரும் கைவசப்பட்ட பிறகும் ஒரு பாடம் மிச்சம் இருக்கிறது. இச்சாலையின் பெரும்பகுதியில் நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் ஆற்றுச் சரிவு, மறுபக்கம் வாய்க்காலோ வீட்டு வாசலோ என்றிருக்கும் இடங்களில் நடப்பவர் தாரை விட்டு இறங்க வழியே இல்லை. ஆகவே எதிரில் ஆள் தெரிந்ததும், அவர் ஒதுங்குவார் என்று எதிர்பார்ப்பதற்கு முன், அவருக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கீழே வருபவை எல்லாம் இந்தப் பார்வையைப் பழக்கிக்கொள்வதற்கான படிகள்.

படி 1: கிளம்புமுன்

காரை ஒருமுறை சுற்றி வாருங்கள். பின்னால் குனிந்து கோலம் போடுபவரோ, உட்கார்ந்து விளையாடும் குழந்தையோ கண்ணாடியில் தெரியமாட்டார்கள். சுற்றி வந்தபின் பேசிக்கொண்டு நிற்காமல் உடனே ஏறிக் கிளம்பவேண்டும்.

படி 2: வேகத்தைத் தூரமாகக் கணக்கிடுதல்

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. 60 கிலோமீட்டரில் ஏறத்தாழ 17 மீட்டர். ஆளைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு நொடி கழிந்துவிடும். பிரேக் பிடித்த பின் ஓடும் தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது வேகம் இரு மடங்கானால் அத்தூரம் நான்கு மடங்காகும். காய்ந்த தார்ச் சாலையில், கவனமாக இருக்கும் ஓட்டுநர் 40-இல் சுமார் 20 மீட்டருக்குள் நின்றுவிடலாம். 60-இல் அதற்குக் கிட்டத்தட்ட 40 மீட்டர் வேண்டும். ஊருக்குள் நுழையும்போது 40-க்குக் கீழே வந்துவிடுங்கள்; கடைத்தெருவிலும் பள்ளி விடும் நேரத்திலும் அதுவும் அதிகம், இரண்டாம் கியரே போதும்.

படி 3: ஹாரனை எப்போது அடிப்பது

பழகுநர்கள் பலர் ஹாரனை விலகச் சொல்லும் கட்டளையாகவே பயன்படுத்துகிறார்கள். சேர்ந்து நடக்கும் இருவருக்குப் பின்னால் போய் அடித்துப் பாருங்கள்: ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம் பாய்வார்கள், பிறகு துணையைத் தேடி ஒருவர் குறுக்கே ஓடி வருவார். எனவே முதலில் வேகத்தைக் குறைத்து, சற்றுத் தொலைவிலேயே ஒருமுறை மெதுவாக அடித்து, அவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகே நெருங்குங்கள். காது மந்தமான பெரியவர் திரும்பமாட்டார். அவர் பின்னால் பொறுமையாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

படி 4: சைக்கிளைக் கடந்து செல்லுதல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் பழகவேண்டும். சைக்கிளுக்கும் உங்கள் காருக்கும் இடையே குறைந்தது ஒன்றரை மீட்டர் இருக்கட்டும்; சைக்கிள்காரர் அப்படியே உங்கள் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் அவர் தலை காரில் படாத அளவு என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். எதிரில் பேருந்து வருகிறது, அவ்வளவு இடம் கிடைக்காது என்றால், பேருந்து போகும்வரை சைக்கிளின் பின்னாலேயே செல்லுங்கள். நான் பழகிய நாட்களில், புல்லுக்கட்டு ஏற்றிச் சென்ற ஒரு பெரியவரை மதகு ஒன்றின் மேல் கடக்க முயன்றேன். மதகில் சாலை ஒடுங்குவதும், கட்டு அகலமாக இருப்பதால் அவர் கைப்பிடியை நேராக வைக்கத் திணறுவார் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர் மதகுக் கட்டையில் கால் ஊன்றித் தப்பினார். அன்றிலிருந்து மதகின் மேல் யாரையும் நான் கடப்பதில்லை.

மாலையில் அரசு தந்த சைக்கிள்களில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பேசிக்கொண்டே மூன்று பேராக வருவார்கள். ஒருவர் விலகியதும் மற்றவரும் விலகுவார் என்று நினைக்காதீர்கள்.

படி 5: ஆள் முளைக்கும் இடங்கள்

ஆற்றுப் பக்கம் படித்துறை வரும் இடங்களில், கீழிருந்து ஏறுபவரின் தலை சாலை மட்டத்துக்கு வரும்வரை உங்களுக்குத் தெரியாது. ஈரத் துணிக் கூடையுடன் ஏறி வருபவர் கவனமும் காலடியில்தான் இருக்கும். நிற்கும் மினி பேருந்தின் முன்புறத்திலிருந்தும் அப்படித்தான் ஆள் வெளிப்படுவார். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற நகரங்களில் வரிக்கோட்டுக் கடப்பில் (ஜீப்ரா கிராசிங்) யாராவது கால் வைத்துவிட்டால் நின்று வழிவிடுவது சட்டப்படியான கடமை. பின்னால் ஹாரன் அடிப்பவருக்காக அதை மீறவேண்டாம்.

அறுவடைக் காலம்

செப்டம்பர், அக்டோபரில் குறுவையும், ஜனவரி, பிப்ரவரியில் சம்பாவும் அறுவடையாகும்போது பாதிச் சாலை களமாகிவிடும். காயும் நெல்லின் மேலோ வைக்கோலின் மேலோ பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். அதைப் புரட்டிக்கொண்டிருக்கும் பெண்களோ சாலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருப்பார்கள். மிக மெதுவாக ஓட்டவேண்டிய இடம் இது. நின்று, எதிர்வருபவருக்கு வழிவிட்டு, பிறகு நகருங்கள். அறுவடை முடிந்த வயல்களுக்கு மேய வரும் வாத்துக் கூட்டம் குறுக்கிட்டால் எஞ்சினை அணைத்துவிடலாம். ஓட்டிச் செல்பவர் கூட்டத்தின் கடைசியில் வருவார், அவரும் கடக்கும்வரை காத்திருங்கள்.

இரவில்

எதிர் வண்டியின் ஹெட்லைட் கண்ணில் பட்டதும் அதற்கு அப்பால் ஓரமாக நடப்பவர் மறைந்துவிடுவார். உங்கள் விளக்கைத் தாழ்த்தி, பார்வையை இடது ஓரத்தில் வைத்து, வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் மட்டும் செல்லுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு, அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே பாதயாத்திரையாகச் செல்வோர் இரவெல்லாம் நடப்பார்கள். காவி உடை இருட்டில் எடுத்துக்காட்டாது. களைப்பில் சிலர் சாலை ஓரத்திலேயே படுத்தும் இருப்பார்கள்.

நிறுத்திய பின்

வலப்பக்கக் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடல் தானாகத் திரும்பி, பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். உடன் வந்தவர்களை இடப்பக்கமாக இறங்கச் சொல்லவேண்டும். வாய்க்கால் ஓரமாக நிறுத்துவதானால், அப்பக்கம் அவர்கள் கால் வைக்க இடம் விட்டிருக்கிறோமா என்று எஞ்சினை அணைக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.