பச்சை ஹைட்ராவும் அதன் பாசியும்: வளர்ப்பு, சோதனை

பச்சை ஹைட்ரா நன்னீரில் வாழும் மிகச் சிறிய விலங்கு. அதன் உட்புறச் செல்களுக்குள் குளோரெல்லா என்னும் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் பாசி தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி, மால்டோஸாக ஹைட்ராவுக்குப் போகிறது. பதிலுக்குப் பாசிக்குக் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜன் சத்தும் கிடைக்கின்றன. இதை வைத்து "வெயிலில் வைத்தால் போதும், தீனி வேண்டாம்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பாசி பட்டினியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அரும்பு விட்டு, அதாவது உடலில் குட்டி முளைத்துப் பிரிந்து, பெருக வேண்டுமானால் இரை போட்டே ஆக வேண்டும்.

தெளிந்த குளத்து நீர்ச்செடிகளைக் குளத்து நீரோடு கண்ணாடிக் குடுவையில் போட்டு ஒரு நாள் ஆட்டாமல் வையுங்கள். வெளிச்சம் படும் பக்கத்துக் கண்ணாடியில் சில மில்லிமீட்டர் நீளப் பச்சை நூல்கள் ஒட்டியிருக்கும். ஒன்றை எடுத்து, மெல்லிய மூடுகண்ணாடியால் மெதுவாக அழுத்தி நுண்ணோக்கியில் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். பச்சை உருண்டைகள் உள் அடுக்கில் மட்டும் இருக்க வேண்டும். மேல்தோலில் ஒட்டிய பாசி வேறு சங்கதி.

பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் தண்ணீரில்தான். இரண்டு மூலக்கரைசல்கள் தயாரியுங்கள்: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 14.7 கிராம் கரைத்து 100 மி.லி. ஆக்கியது ஒன்று, சோடியம் பைகார்பனேட் 8.4 கிராம் கரைத்து 100 மி.லி. ஆக்கியது இன்னொன்று. ஒரு லிட்டர் வாலை வடிநீரில் முதலாவதில் 1 மி.லி. விட்டுக் கலக்கிய பிறகே இரண்டாவதில் 1 மி.லி. விடுங்கள். இதுதான் வளர்ப்பு நீர். மூலக்கரைசல்களை நேராக ஒன்றில் ஒன்று ஊற்றினால் சுண்ணாம்பு வெள்ளையாக வீழ்படிந்து இரண்டும் வீணாகும். குழாய்நீரை நம்ப வேண்டாம்: குளோரின் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், சில ஊர்க் குழாய்நீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரமைன் அப்படிப் போகாது. செம்பு மிகச் சிறிதளவே போதும், ஹைட்ரா மாண்டுவிடும்.

வெப்பம் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ், வெளிச்சம் நாளுக்கு 12 மணி நேரம். நேரடி வெயில் கூடாது. ஆழமற்ற தட்டு விரைவில் சூடேறிவிடும்.

வாரம் இரண்டு முறை, அன்று பொரித்த ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரி) குஞ்சுகளைக் கொடுங்கள். குஞ்சு ஒரு நாள் வளர்ந்துவிட்டாலும் ஹைட்ராவின் சிறிய வாய்க்குப் பெரிதுதான். மெல்லிய துணியில் வடிகட்டி, வளர்ப்பு நீரால் உப்புப் போக அலசிவிட்டுப் போடுங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் மிச்ச இரையை அகற்றி நீர் முழுவதையும் மாற்றிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் செத்த குஞ்சுகள் அழுகிப் பாக்டீரியா பெருகும். ஹைட்ராவின் வாயைச் சுற்றியுள்ள உணர்நீட்சிகள் குட்டையாகி நுனி தடித்து, உடல் உருண்டுகொள்வது அதன் அடையாளம். அப்போது தீனியை நிறுத்தி, தினமும் நீர் மாற்றி, குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் தேறிவிடும். தீனியை அதிகப்படுத்துவதுதான் மோசமான வைத்தியம்.

பாசியின் பங்கைப் பார்க்க, அரும்பு இல்லாத பத்துப் பத்து ஹைட்ராக்களை இரண்டு தட்டுகளில் விட்டுத் தீனியை நிறுத்துங்கள். ஒன்றை அலுமினியத் தாளால் மூடி, இரண்டையும் ஒரே வெப்பத்தில் வையுங்கள். விளக்கின் சூடு திறந்த தட்டில் மட்டும் ஏறினால் சோதனை பயனற்றது. இரண்டு நாளுக்கொருமுறை நீர் மாற்றும்போது எண்ணிக்கையையும் நீளத்தையும் குறியுங்கள். பிரிந்து வந்த அரும்பையும் கணக்கில் சேருங்கள். இருட்டில் உள்ளவை முதலில் சுருங்கும். வெளிச்சத்தில் உள்ளவையும் நாளடைவில் சிறுக்கும், ஆனால் தாமதமாக. இருட்டில் வைத்ததால் பாசி முழுதும் போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். எண்ணிக்கை குறையும், அடியோடு ஒழிவது அரிது. 1907-இல் விட்னி என்ற ஆய்வாளர் 0.5 சதவீதக் கிளிசரின் கரைசலில் வைத்துத்தான் பச்சையை நீக்கினார். அப்படி வெளிறிய ஹைட்ராவும் தீனி கிடைத்தால் வாழும்.

ஹைட்ராவை எடுக்கப் பயன்படுத்திய சொட்டுக்குழாயை மீன்தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரே ஒரு ஹைட்ரா ஒட்டிப் போனாலும் தொட்டி முழுக்கப் பரவும்; மிகச் சிறிய மீன்குஞ்சுகளையும் பிடித்துத் தின்னும்.