ஜீப்பு வராத நாள் பார்த்துப் போட வேண்டிய எலும்பு மாத்திரை

வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை, இதைப் போடுவதற்கு ஒரு பதிவா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் அம்மா அதை மூன்று வாரம் விடியற்காலையில் கட்டஞ்சாயாவோடு (பால் ஊற்றாத டீ) முழுங்கிவிட்டு, கம்பத்திலிருந்து வண்டன்மேடு ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் ஏறி, முன்னால் இருந்தவர் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே மலை ஏறியிருக்கிறார். நாலாவது வாரம் நெஞ்சு எரிகிறது, சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எதோட போட்டீங்க?" அம்மா சொன்னார், "சாயாவோடதான்." மருந்துக் கடையில் அட்டையைக் கொடுத்து "வாரம் ஒண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதலில் எதற்கு இந்த மாத்திரை என்று தெரிந்துகொள்ளுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு என்பது ஒரு பக்கம் அரிக்கப்பட்டு இன்னொரு பக்கம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிற பொருள். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அரிக்கிற வேலை வேகமாகிறது, கட்டுகிற வேலையால் ஈடு கொடுக்க முடிவதில்லை, உள்ளே எலும்பு பொரை விட்டுப் போகிறது. இது மூட்டுத் தேய்மானம் இல்லை, அது வேறு வியாதி. இதில் வலியே இருக்காது, விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறிந்த பிறகுதான் தெரியும். அம்மாவுக்கும் மழை நேரத்தில் தோட்டத்துச் சரிவில் வழுக்கிக் கையை ஊன்றியதில்தான் தெரிந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை என்பார்கள். அம்மாவுக்கு மைனஸ் 2.9.

மாத்திரை அந்த அரிக்கிற வேலையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். முதுகுவலி போகாது, "போட்டும் ஒண்ணும் தெரியலையே" என்று நிறுத்தவும் கூடாது.

முதல் வேலை: அட்டையின் பின்பக்கம் படியுங்கள்

கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும், அதை விடுங்கள். சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரைப் பாருங்கள். அலெண்ட்ரோனேட், ரைசெட்ரோனேட், ஐபேண்ட்ரோனேட் என்று 'ட்ரோனேட்'டில் முடிந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். வாரம் ஒரு முறை என்றால் பெரும்பாலும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் அல்லது ரைசெட்ரோனேட் 35 மில்லிகிராம். ஐபேண்ட்ரோனேட் 150 மில்லிகிராம் மாதம் ஒன்றுதான்.

தமிழ்நாடு கேரளா எல்லையில் இருக்கிற நமக்கு இது ரொம்ப முக்கியம். தோட்டத்தில் இருக்கும்போது கட்டப்பனையில் ஒரு டாக்டர், ஊருக்கு இறங்கினால் கம்பத்திலோ தேனியிலோ இன்னொரு டாக்டர். அங்கே ஒரு சீட்டு, இங்கே ஒரு சீட்டு. எங்கள் தெரு அத்தை ஒருவர் இரண்டு நிறத்தில் இரண்டு அட்டை வைத்துக்கொண்டு ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று என்று போட்டு வந்தார். வெவ்வேறு பெயர், உள்ளே இரண்டும் அலெண்ட்ரோனேட் 70. யார்மேலும் தப்பு சொல்ல முடியாது, இரண்டு டாக்டரும் மற்றவர் சீட்டைப் பார்த்ததே இல்லை. அதனால் மலைக்குப் போனாலும் இறங்கினாலும் எல்லாச் சீட்டும் அட்டையும் ஒரே பையில் இருக்கட்டும், பையை அப்படியே மேசையில் கொட்டிக் காட்டுங்கள். மலையாளத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு என்றாலும் மருந்தின் பெயரை ஆங்கிலத்தில்தான் எழுதியிருப்பார்கள், இங்கே இருப்பவர்களுக்கும் புரியும்.

தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

கிட்னி கோளாறு உண்டா, விழுங்கும்போது அடைக்கிறதா, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியுமா, ரத்தத்தில் கால்சியம் குறைவா, இதை எல்லாம் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கிட்னி ரொம்ப பலவீனமாக இருந்தால் அலெண்ட்ரோனேட் கொடுப்பதில்லை. கால்சியம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். அப்புறம் பல். வெற்றிலை புகையிலை போட்டுப் பல் ஆடுகிறதா, பிடுங்க வேண்டியிருக்கிறதா, அதை முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இந்த மருந்து எடுக்கிறவர்களில் மிக அபூர்வமாக, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவது உண்டு. பிற்பாடு பல் டாக்டரிடம் எப்போது போனாலும் இந்த மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுங்கள்.

நாள் குறிப்பது

எந்தக் கிழமை என்பது உங்கள் இஷ்டம், ஆனால் ஜீப்பு வராத நாளாக இருக்க வேண்டும். அவசரமாகக் கிளம்புகிற காலையில் இதைப் போடவே முடியாது. அம்மாவுக்கு ஞாயிறு. காலண்டரில் ஒவ்வொரு ஞாயிறையும் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம், போட்டதும் அவரே டிக் அடிக்கிறார். டிக் இல்லாமல் "போட்டேனா இல்லையா" என்ற சண்டை எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்தது, அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு.

அந்தக் காலை

இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள், அதனால் மெதுவாகப் படியுங்கள்.

எழுந்ததும் பல் விளக்குங்கள். வேறு எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. டீ இல்லை, பிஸ்கட் இல்லை, வெற்றிலை இல்லை. வெறும் வயிற்றில் போட்டாலே இந்த மருந்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. காப்பியோடு போட்டால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும், சாப்பாட்டோடு போட்டால் ஏறக்குறைய ஒன்றுமே சேராது. அம்மா சாயாவோடு போட்ட மூன்று மாத்திரையும் வயிற்றைப் புண்ணாக்கியதோடு சரி.

ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர், கிட்டத்தட்ட 200 மில்லி. வெறும் தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர்தான். நம் பக்கத்து வீடுகளில் சீரக வெள்ளம் (மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்), பதிமுகம் என்ற மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய சிவப்பு வெள்ளம்தானே பானையில் இருக்கும். அது உடம்புக்கு நல்லதுதான், இந்த மாத்திரைக்கு வேண்டாம். முந்தின ராத்திரியே ஒரு சொம்பில் வெறும் தண்ணீர் மூடி வைத்துவிடுங்கள். கடையில் விற்கிற மினரல் சேர்த்த தண்ணீரும் கூடாது, கால்சியம் இருந்தால் மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

உட்கார்ந்தோ நின்றோ நிமிர்ந்தபடி முழு மாத்திரையை அப்படியே முழுங்குங்கள். கடிக்காதீர்கள், உடைக்காதீர்கள், சப்பாதீர்கள். பாதி டம்ளர் தண்ணீர் போதும் என்று வைத்துவிடாமல் முழுவதும் குடியுங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும் என்பதால்தான் இத்தனை கெடுபிடி.

பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. ஐபேண்ட்ரோனேட் என்றால் ஒரு மணி நேரம். வாசல் பெருக்கலாம், கோலம் போடலாம், நடக்கலாம். குனிந்து நிமிர்ந்தால் எதுக்களித்து வருகிறது என்றால் கோலத்தை அன்றைக்கு மருமகளிடம் விட்டுவிடுங்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்து நெடுங்கண்டத்தில் இருக்கிற சித்திக்குப் போன் போடுவார், அவர்கள் பேசி முடிக்க அரை மணி எந்த நாளும் போதாது. முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் படுக்கலாம். ராத்திரி தூங்கப் போகும்போது இந்த மாத்திரை வேண்டவே வேண்டாம்.

மற்ற மாத்திரைகள்

பிரஷர், சுகர், காஸ் மாத்திரை எதுவானாலும் அரை மணிக்குப் பிறகுதான். தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்குத்தான் குழப்பம், அதுவும் வெறும் வயிறு கேட்கிறது. அம்மாவுக்கு டாக்டர் சொன்ன ஒழுங்கு: ஞாயிறு மட்டும் முதலில் எலும்பு மாத்திரை, அரை மணி கழித்து தைராய்டு, அதற்கும் அரை மணி முதல் ஒரு மணி கழித்து இட்லி. உங்களுக்கும் இதே ஒழுங்குதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கால்சியம் மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுங்கள். அட்டையில் கால்சியம் கார்பனேட் என்று இருந்தால் சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகச் சேரும். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500 தான், பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதனால் கூழையும் களியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு மாத்திரை எத்தனை என்று டாக்டரிடம் பேசுங்கள்.

60,000 யூனிட் வைட்டமின் டி பொடி பாக்கெட்டோ மாத்திரையோ கொடுத்திருந்தால் அது பொதுவாக வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும். தினம் ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டு போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், கிட்னிப் பாதிப்பு வரை போகும்.

மறந்துவிட்டால்

வார மாத்திரையை ஞாயிறு மறந்துவிட்டீர்கள், திங்கள் மதியம் ஞாபகம் வந்தது. உடனே போடாதீர்கள். செவ்வாய் காலை வெறும் வயிற்றில் ஒன்று, அடுத்தது வழக்கம்போல ஞாயிறு. ஒரே நாளில் இரண்டு கூடாது.

எப்போது நிறுத்திவிட்டு ஓட வேண்டும்

விழுங்கும்போது வலி, நெஞ்சுக்கு நடுவில் வலி, புதிதாகவோ அதிகமாகவோ நெஞ்செரிச்சல், கறுப்பாக மலம் என்றால் அடுத்த மாத்திரை போடாமல் டாக்டரைப் பாருங்கள். அம்மாவுக்குப் புண் ஆறட்டும் என்று ஒரு மாதம் நிறுத்தி, பிறகு சரியான முறையில் மறுபடி தொடங்கினார்கள், இப்போது தொந்தரவு இல்லை. தொடையிலோ கவட்டியிலோ காரணமில்லாமல் மந்தமான வலி வாரக்கணக்கில் இருந்தால் "தோட்டத்துல ஏறி இறங்குன வலி" என்று தள்ளிவிடாதீர்கள். வருஷக்கணக்கில் எடுக்கிறவர்களுக்கு அபூர்வமாகத் தொடை எலும்பு முறிவதற்கு முன்னால் இப்படி வலிப்பது உண்டு. உதட்டைச் சுற்றி மரமரப்பு, கை கால் இழுப்பு வந்தால் கால்சியம் குறைந்திருக்கலாம், அன்றைக்கே போங்கள்.

ஊசி போடுகிறவர்களுக்கு

அரை மணி உட்கார முடியாதவர்களுக்கும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஊசி உண்டு. ஜோலெட்ரோனிக் ஆசிட் வருஷம் ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றுவது. இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பயப்பட வேண்டாம், அன்றைக்குத் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போங்கள். கிட்னி பார்க்காமல் போட மாட்டார்கள்.

டெனோசுமாப் ஊசி வேறு ரகம். 6 மாதத்துக்கு ஒன்று, தேதி தள்ளவே கூடாது. ட்ரோனேட் வகை எலும்பிலேயே வருஷக்கணக்கில் தங்கும், இது தங்காது. நிறுத்தினால் எலும்பு வேகமாக இளைத்து முதுகெலும்பு ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்குவதும் நடக்கிறது. ஏலப்பழம் எடுக்கிற சீசன் முடியட்டும், அப்புறம் மலையிலிருந்து இறங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஊசியைத் தள்ளுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. மாத்திரையை ஒரு வாரம் மறந்தால் பெரிய மோசம் இல்லை, இந்த ஊசியில் அந்தச் சலுகை கிடையாது. வேண்டாம் என்று முடிவு செய்தாலும் பதிலுக்கு வேறு மருந்து என்ன என்று டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

மாத்திரை என்றால் 5 வருஷம், ஜோலெட்ரோனிக் என்றால் 3 வருஷம் ஆனதும் தொடரலாமா, கொஞ்ச காலம் விடுமுறை கொடுக்கலாமா என்று டாக்டர் பார்ப்பார். அதுவரை சீட்டை நீட்டிக் கடையிலேயே வாங்கிக்கொண்டிருந்தால் 8 வருஷம் ஆனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் இன்றைக்கே பையின் மேல் மார்க்கரில், தொடங்கிய மாதமும் வருஷமும் பெரிதாக எழுதிவிடுங்கள். அம்மாவின் பை மஞ்சள் துணிப்பை, எழுதியது துவைத்ததில் அழிந்துவிட்டது, அட்டையின் பில்லைத் தேடித்தான் மறுபடி எழுதினேன்.