ஊரில் ஒரு வானவில் சங்கத்தை நடத்துவதும் ஆண்டுதோறும் சுயமரியாதைப் பேரணி எடுப்பதும்

பால்புதுமையினருக்காக, அதாவது தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் முதலியோருக்காக, ஓர் ஊரில் சங்கம் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பேரணியைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். கொடி எத்தனை அடி நீளம், எந்தச் சாலையில் நடப்பது, யாரைப் பேச அழைப்பது என்று பேச்சு நீளும். தென்மாவட்ட நகரம் ஒன்றில் இந்த வேலையைச் சில ஆண்டுகள் செய்த பிறகு, எடுக்கிற ஒவ்வொரு முடிவையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். வீட்டில் சொல்லாமல் வந்த ஒருவர், வீட்டுக்குத் தெரியாமலேயே பத்திரமாகத் திரும்பிப் போக முடியுமா? முடியாது என்றால் அந்த ஏற்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கைவிட்டுவிட வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

சொற்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேரணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிரைடு’ என்ற பெயரைப் ‘பெருமை’ என்று எழுதுவதைவிடச் ‘சுயமரியாதை’ என்று எழுதுவதே தமிழ்நாட்டில் நன்றாக எடுபடுகிறது. 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தால் அந்தச் சொல் இங்கே எல்லோருக்கும் பழகியிருக்கிறது; துண்டறிக்கையில் அதைப் பார்க்கும் தேநீர்க் கடைக்காரருக்குத் தனியாக விளக்கம் தேவைப்படுவதில்லை. அரசுக்கு எழுதும் மனுக்களில், தன்பாலீர்ப்புள்ள இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த சுஷ்மா வழக்கின் தொடர்ச்சியாக, பால்புதுமையினரைக் குறிக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலைப் பின்பற்றுங்கள். அரசே ஏற்ற சொல்லை எழுதியிருக்கும்போது, எழுத்தர் அதை அடித்துவிட்டு வேறொரு இழிசொல்லைப் போட முடியாது.

பதிவும் பணமும்

பதிவுக்கு இரண்டு வழிகள் எளியவை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவு செய்யலாம்; அல்லது 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ், குறைந்தது 7 உறுப்பினர்களோடு மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதிவு செய்யலாம். அறக்கட்டளை விரைவாக முடியும், ஆனால் முதலில் அறங்காவலர்களாக அமர்ந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். சங்கத்தில் ஆண்டுப் பொதுக்குழுவும் தேர்தலும் கணக்குத் தாக்கலும் இருப்பதால் தலைமை மாறுவதற்கு வழி உண்டு. அதனால் என் வாக்கு சங்கத்துக்கே. இதில் உள்ள சிக்கல், பெயரையும் முகவரிச் சான்றையும் அரசுப் பதிவேட்டில் கொடுக்கத் தயாரான 7 பேர் தொடக்கத்தில் கிடைப்பது அரிது என்பதுதான். எங்களுக்கு மூன்று பேர்தான் கிடைத்தார்கள். மீதி நான்கு இடங்களை ஓர் அம்மா, ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒரு செவிலியர் ஆகியோர் நிரப்பினார்கள். அவர்கள் யாரும் பால்புதுமையினர் அல்லர்; ஆனாலும் அவர்கள் கையெழுத்து இல்லாமல் சங்கம் இல்லை.

சங்கத்தின் பெயரைப் பொதுவான ஒரு பெயராக வையுங்கள். இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். முதலாண்டில் ஒரு தம்பி 200 ரூபாய் நன்கொடையை யுபிஐ வழியாக அனுப்பினான். அவனுடைய வங்கிக் கணக்கில் பதிவாகியிருந்த எண் அவன் அண்ணனுடையது. பணம் பெற்றவர் பெயரோடு குறுஞ்செய்தி அண்ணன் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிரவு அவனுக்கு நாங்கள் தங்க இடம் தேட வேண்டியிருந்தது. அதன் பிறகு சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டிப் பெயரையே மாற்றினோம். ஒரு சங்கத்தின் பெயர் வங்கிக் குறுஞ்செய்தியிலும் அஞ்சல் உறையிலும் ரசீதிலும் எப்படித் தெரியும் என்பதை எழுதிப் பார்த்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 12ஏ, 80ஜி எனப்பட்ட பதிவுகளை வாங்கி வைப்பது நல்லது; முதலாவது சங்கத்துக்கு வரிவிலக்கும், இரண்டாவது நன்கொடையாளருக்கு வரிச்சலுகையும் தருவது. இந்தச் சலுகை கேட்கும் நன்கொடையாளரின் நிரந்தரக் கணக்கு எண் போன்ற விவரங்களை ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தர வேண்டியிருக்கும்; 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது. இதைக் கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ‘என் பெயர் வேண்டாம்’ என்பவரின் பெயரை மேடையிலும் ஆண்டறிக்கையிலும் விட்டுவிடலாமே தவிர, கணக்கேட்டில் விட முடியாது. ஆகவே அந்த ஏடு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். சாவி இருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள நண்பர் பணம் அனுப்ப ஆசைப்பட்டால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்குவது குற்றம். அந்தப் பதிவுக்குச் சங்கம் மூன்றாண்டு பழையதாகவும் அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்ததாகவும் இருக்க வேண்டும். யாராவது ஒரு தனிநபர் கணக்கில் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். அதை அன்றே மறுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.

காசோலைக்கு இருவர் கையெழுத்து. தலைவர் பதவிக்கு இரண்டு முறைக்கு மேல் வாய்ப்பில்லை. தலைவர் மீதே புகார் வந்தால் விசாரிக்கச் சங்கத்துக்கு வெளியே உள்ள இருவர். இவற்றை யாருடைய முகமும் மனதில் இல்லாத முதல் நாளிலேயே விதிகளில் சேர்த்துவிட்டால் பின்னாளில் சண்டை குறையும்.

மற்ற 364 நாட்கள்

வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். அதில் சேரும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவருடைய கைபேசி தொலைந்தால் நூறு பேர் அம்பலம். ஒளிபரப்புப் பட்டியல் போதும். சந்திப்புகளுக்கு நூலகத்தின் பக்கத்து அறை, தையல் பயிற்சி மையம் போன்ற இடங்கள் பொருத்தமானவை. அங்கே யார் நுழைந்தாலும் தெருவில் யாரும் காரணம் கேட்பதில்லை. கூட்டங்களைத் தமிழிலேயே நடத்த வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் பேசும் நான்கு ஆண்கள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, மேடைக்கு மட்டும் திருநங்கைகளை அழைப்பது நம் சங்கங்களில் பழகிப்போன கோளாறு. திருநங்கைகள் குடும்பம்போல் சேர்ந்து வாழும் அமைப்பான ஜமாத்தின் பெரியவர்களைத் தேடிப் போய், அவர்கள் வீட்டில் அமர்ந்து, பேரணித் தேதியை அவர்களோடு சேர்ந்து குறியுங்கள். திருநம்பிகளும் தன்பாலீர்ப்புள்ள பெண்களும் கூட்டத்துக்கே வரவில்லை என்றால் அது அவர்கள் ஆர்வக் குறைவு என்று எண்ண வேண்டாம். மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் வீட்டிலிருந்து எந்தப் பெண் வர முடியும்?

சங்கத்துக்கு வரும் அழைப்புகளில் மிகவும் அவசரமானவை, வீட்டில் அடைத்து வைக்கப்பட்டவர்களிடமிருந்தும் வீட்டைவிட்டு வெளியேறியவர்களிடமிருந்தும் வருபவை. வயது வந்த இருவர் தாங்களாக வெளியேறியிருக்க, பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்தால், அவர்கள் வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு, தொல்லை தராமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் உத்தரவிட்டார். பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளிலும் 2022இல் திருத்தம் வந்தது. அந்த இரண்டு ஆவணங்களின் நகல்களையும் தமிழ்ச் சுருக்கத்தோடு ஒரு கோப்பில் போட்டு, இரவுப் பொறுப்பில் இருப்பவர் பையிலேயே வைத்திருங்கள். நிலையத்தில் குரலை உயர்த்துவதைவிடத் தாளை மேசைமேல் வைப்பது பலன் தரும். ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சிகிச்சைக்கு அழைக்கும் மருத்துவரைப் பற்றிச் செய்தி வந்தால், அது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருப்பதைக் குறிப்பிட்டு மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். மனம் உடைந்து பேசுபவர்களுக்கு 104 (அரசின் மருத்துவ உதவி எண்), 14416 (மனநல உதவி எண்) ஆகியவற்றைக் கொடுங்கள். ஆனால் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிடாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வந்தால் ஒருவர் தனியாகப் பேசக் கூடாது. இருவர் உடனிருக்க வேண்டும், நடந்ததை எழுதிவைக்க வேண்டும். சிறார் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் தெரிவிப்பதைப் போக்சோ சட்டம் கட்டாயமாக்கியிருப்பதை அந்தச் சிறுவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பேரணி

தேதியில் தொடங்குவோம். 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் 15 பேர் நடந்ததுதான் நாட்டின் முதல் பேரணி. சென்னையில் முதல் பேரணி 2009 ஜூன் 28 அன்று மெரினாவில் நடந்தது. நான்கு நாள் கழித்து தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தி டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் கடைசி ஞாயிறு சென்னைக்கே பழக்கமாகிவிட்டதால், மற்ற ஊர்க்காரர்கள் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டால் சென்னைத் தோழர்கள் உதவிக்கு வர முடியும். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா நெருங்கும் வாரங்களில் எதையும் வைக்காதீர்கள். திருநங்கைகள் ஊரில் இருக்க மாட்டார்கள். முகூர்த்த நாளாக இருந்தால் மண்டபமும் கிடைக்காது, மைக்செட்டும் கிடைக்காது, பறைக் குழுவும் கிடைக்காது. ஆகவே நாட்காட்டியைப் பார்த்துவிட்டே அறிவியுங்கள்.

அனுமதி மனுவை ஒரு மாதம் முன்பே கொடுப்பது என் வழக்கம். சென்னையில் 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி குறைந்தது 5 நாள் முன்பாக மனு தர வேண்டும். மாவட்டங்களில் 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவைக் காட்டுவார்கள். புறப்படும் இடம், சேரும் இடம், நேரம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, ஒலிபெருக்கி விவரம், பொறுப்பாளர்களின் பெயரும் எண்ணும் மனுவில் இருக்க வேண்டும். பொறுப்பாளர்களாக, ஏற்கெனவே வெளிப்படையாக வாழ்பவர்களையோ ஆதரவாளர்களையோ மட்டும் போடுங்கள். உளவுப்பிரிவுக் காவலர் அந்த முகவரிக்கு நேரில் போய் விசாரிப்பது உண்டு. மனுவுக்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாக ‘முடியாது’ என்றால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதற்கு அந்தத் தாள்தான் கைகொடுக்கும். சென்னையிலேயே பேரணி பின்னாளில் கடற்கரையை விட்டு எழும்பூர் ராஜரத்தினம் அரங்கத்தின் பக்கம் வந்துவிட்டது. ஆகவே மாற்றுச் சாலை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டே பேச்சுவார்த்தைக்குப் போவது நல்லது.

வழியை நீங்களே, அதே கிழமையில் அதே நேரத்தில், இரண்டு முறை நடந்து பாருங்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். மாலை நான்கு மணிக்கு எந்தப் பக்கம் நிழல் விழுகிறது, மதுக்கடை எங்கே இருக்கிறது, மூதாட்டி ஒருவர் களைத்துப் போனால் உட்காரத் திண்ணை உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். 300 பேருக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் 20 லிட்டர் கேன் 15 தேவை, மோர் தனி. இருபது பேருக்கு ஒரு தொண்டர் சாலைப் பக்கமாக நடக்க வேண்டும். முடியும் இடத்தில் ஆண், பெண் என்று பலகை இல்லாத கழிப்பறை ஒன்றாவது இருக்க வேண்டும். மண்டபக்காரரிடம் கேட்டு அன்றைக்கு மட்டும் பலகையைத் தாள் ஒட்டி மறைத்தாலே போதும்.

புகைப்படம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நாங்கள் வரும் எல்லோருக்கும் மணிக்கட்டில் கட்ட நாடா கொடுக்கிறோம்: படம் எடுக்கலாம் என்பவர்களுக்குப் பச்சை, வேண்டாம் என்பவர்களுக்குச் சிவப்பு. முதலாண்டில் அது யார் கண்ணுக்கும் படவில்லை. கையை உயர்த்தி ஆடும்போது நாடா சட்டைக்குள் போய்விடுகிறது. இப்போது சிவப்பு நாடா கேட்பவர்களைக் கொடிக்குப் பின்னால் நடுவரிசையில் நடக்க வைத்து, இரு பக்கமும் உயரமான பதாகைகளைப் பிடிக்கச் செய்கிறோம். செய்தியாளர்களை முன்வரிசைக்கு எதிரே நிறுத்தி, பேசச் சம்மதித்த மூவரை மட்டும் அறிமுகம் செய்கிறோம். காகித முகமூடிகளும் ஒரு கட்டு இருக்கும். முகத்தில் பூசும் வண்ணம் தண்ணீரில் கழுவினால் போகிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்; காதோரம் ஒட்டியிருக்கும் ஊதாத் துளி ஒன்று போதும், வீட்டில் கேள்வி கேட்க. சங்கத்தின் பெயர் அச்சிட்ட சட்டைகளைத் தொண்டர்களுக்கு மட்டும் கொடுத்து, மாற்றுச் சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள்.

நிறுவனங்களின் பணத்தை வாங்கலாம், பதாகையின் முன்பக்கத்தை விற்கக் கூடாது. மேடை நேரத்தைச் சுருக்குங்கள். நான்கு பேச்சு, ஒரு பறை, ஓர் ஆட்டம் போதும்.

பேரணி முடிந்ததும் கலைந்து போவதற்கும் திட்டம் வேண்டும். பேருந்து நிலையம்வரை மூன்று மூன்று பேராக அனுப்புங்கள். கொடியையும் பதாகையையும் அவர்கள் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். வந்தவர்களில் விருப்பமுள்ளவர்களிடம் புனைபெயரும் நம்பகமான நண்பர் ஒருவரின் எண்ணும் வாங்கி ஒரு தாளில் எழுதியிருப்போம். இரவு பத்து மணிக்குள் ‘சாப்பிட்டாச்சு’ என்று ஒரு சொல் அனுப்பச் சொல்வோம். யார் பார்த்தாலும் சந்தேகப்படாத சொல் அது. பொறுப்பாளர் ஒருவர் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அடித்து வருவார். பதில் வராத பெயர்களுக்கு, அந்த நண்பரின் எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் வீட்டு எண்ணுக்கு அல்ல. கடைசிப் பெயரையும் அடித்த பிறகு அந்தத் தாளை அன்றிரவே கிழித்துவிட வேண்டும்.