டெலஸ்கோப்: மடங்கைக் கேட்காதீர்கள், மில்லிமீட்டரைக் கேளுங்கள்

பிள்ளைக்கு டெலஸ்கோப் வாங்கப் போனால் பலரும் முதலில் கேட்பது, “எத்தனை மடங்கு பெருசா காட்டும்?” என்பதுதான். கேட்க வேண்டியது முன்பக்க லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று.

அட்டைப்பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கும். 700 மி.மீ. குவியத்தூரக் குழாயில் (முன் லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) 4 மி.மீ. ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைப் போட்டு, மடங்கைக் கூட்டும் மூன்று மடங்கு பார்லோ லென்ஸையும் செருகினால், 700-ஐ 4-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கி 525 வரத்தான் செய்யும். ஆனால் வெளிச்சத்துக்கு எங்கே போவது? இருட்டில் நம் கண்மணி 7 மி.மீ. வரை விரியும். 70 மி.மீ. லென்ஸ் அதைப்போல 100 மடங்கு ஒளியைச் சேர்க்கும், அவ்வளவுதான். 70 மடங்கில் பளிச்சென்று தெரிந்த வியாழனை 525-க்கு இழுத்தால் அதே ஒளி 56 மடங்கு பரப்பில் பரவி, கலங்கலாகத்தான் தெரியும். லென்ஸின் மி.மீ. அளவை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உச்சவரம்பு: 70-க்கு 140. சனியின் வளையத்துக்கு 70 மடங்கே போதும்.

அடுத்த ஏமாற்றம் நிறம். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்து நெபுலா, அதாவது விண்வெளி வாயு மேகம், படத்தில் செக்கச்செவேல் என்றிருக்கும், ஐபீஸில் சாம்பல் புகைபோலத் தெரியும். கருவியில் குறையில்லை. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, ஒளியைச் சேர்த்து வைக்கவும் அதற்குத் தெரியாது. கேமரா சென்சார் நிமிடக்கணக்கில் சேர்த்து வைக்கும். அந்தச் சிவப்பு ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் ஒளி. ஜவ்வாது மலையில் காவலூரின் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பிலும் ஆய்வாளர்கள் கண் வைத்துப் பார்ப்பதில்லை. ஒளி கேமராவுக்கோ நிறமாலைமானிக்கோ போகும். நிறமாலைமானி அதை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துக் காட்டும், அதிலிருந்துதான் ஒரு விண்மீனில் என்னென்ன தனிமங்கள் என்று சொல்கிறார்கள்.

இடத்தையும் பாருங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலை விளக்குகளுக்கு நடுவே நிலாவும் கிரகங்களும் தெரியும், நெபுலா தெரியாது. மொட்டை மாடி நல்ல இடம்தான், ஆனால் பகலெல்லாம் காய்ந்த தளம் இருட்டிய பிறகும் அனலை விட்டுக்கொண்டிருக்கும், பிம்பம் நெளியும். ஒன்பது மணிக்கு மேல் ஏறுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாகும், நடுவில் ஒரு தடவை செல்போனைப் பார்த்தால் அத்தனையும் வீண். ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிவிட்டு மேகத்தைத் திட்டாதீர்கள், தை, மாசி வரை பொறுங்கள். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண 1769-ல் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டியையே மேகம் கைவிட்டது. அத்தனைக்கும் அது ஜூன் மாதம்!

சூரியனை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில பெட்டிகளில் ஐபீஸில் திருகும் கறுப்பு ஃபில்டர் வரும். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். அதைத் தூக்கி எறியுங்கள். ஃபில்டர் குழாயின் முன்வாயில் இருக்க வேண்டும், அதுவும் சூரியனுக்கென்றே செய்ததாக. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐபீஸில் பார்ப்பதும் அதே ஆபத்துதான்.

கடலூர், புதுச்சேரி ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பார்த்து முடித்ததும் பனி காய்ந்த பிறகு மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். தூசி தெரிந்தால் வேட்டி முனையால் துடைக்காதீர்கள். நாலு தூசி மறைக்கும் ஒளி ஒன்றுமேயில்லை, லென்ஸுக்குப் பதில் ஆடி (கண்ணாடி) வைத்த டெலஸ்கோப்பாக இருந்தால், அதன் மெல்லிய அலுமினியப் பூச்சில் கீறல் விழுந்தால் போகாது.