பொருளியலில் பிஎச்.டி: காசோடு அனுமதி எடுப்பது எப்படி

யாழ்ப்பாணக் கம்பஸில் பொருளியல் முடிக்கிற தம்பி தங்கைகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, பிஎச்.டிக்கு ஸ்கொலர்ஷிப் எங்கே எடுக்கலாம்?" தனியாக எடுக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான நல்ல பொருளியல் துறைகளில் அனுமதி கிடைத்தால் காசும் அதோடேயே வரும். படிப்புக் கட்டணம் இல்லை, மாதச் செலவுக்கு ஒரு தொகை தருவார்கள், பதிலுக்கு நீங்கள் இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்க உதவ வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், அல்லது ஒரு பேராசிரியரின் ஆய்வில் வேலை செய்ய வேண்டும். ஐந்தாறு வருடம் இப்படிப் போகும். முதுமாணி இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பொதுவாக முதுமாணி முடித்த பிறகுதான் பிஎச்.டி. காசு இல்லாத அனுமதி வந்தால், என் கருத்தில், வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். வீட்டுக் காணியை ஈடு வைத்துச் செய்கிற படிப்பு இல்லை இது. ஏஜென்சிக்காரரிடமும் போகாதீர்கள், இந்த விண்ணப்பத்தில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

சரி, அனுமதியை எது தீர்மானிக்கிறது? முதலில் கணிதம். எங்களில் பலர் ஏ.எல்.இல் கலையோ வர்த்தகமோ எடுத்துப் பொருளியலுக்கு வந்தவர்கள், இணைந்த கணிதம் பக்கம் போனதே இல்லை. அமெரிக்கத் துறைகளில் முதல் வருடம் நுண்பொருளியல், பேரினப் பொருளியல், எக்கனோமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவைப் புள்ளிவிபர முறையில் ஆராய்வது) என்று மூன்று பாடம், மூன்றிலும் பக்கம் பக்கமாக நிறுவல்கள், அதன் முடிவில் ஒரு தகுதிப் பரீட்சை, அதில் திரும்பத் திரும்பத் தவறினால் வெளியே போகச் சொல்லவும் கூடும். அதனால் தெரிவுக் குழு உங்கள் பெறுபேற்றுத் தாளில் கல்குலஸ், லீனியர் அல்ஜிப்ரா, நிகழ்தகவு, முடிந்தால் ரியல் அனாலிசிஸ் (கல்குலஸை நிறுவல்களோடு படிப்பது) இருக்கிறதா என்றுதான் முதலில் தேடும். இல்லாவிட்டால் விஞ்ஞான பீடம் திருநெல்வேலியில் அதே வளாகத்தில்தானே இருக்கிறது, போய்க் கணிதத்துறை லெக்சரரிடம் வகுப்பில் இருக்க விடுவீர்களா என்று கேளுங்கள். தாளில் ஏறாவிட்டாலும் பிறகு அவர் ஒரு கடிதம் எழுத இடமுண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தின் ஓப்பன்கோர்ஸ்வெயார் இணையத்தளத்தில் இந்தப் பாடங்கள் எல்லாம் இலவசம். நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் நடத்துகிற மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற இணையவழிப் பாடங்களையும் பார்க்கலாம், அதன் பரீட்சைக் கட்டணம் வருமானத்துக்கு ஏற்ப மாறும். மேற்படிப்பு அனுமதிக்கான ஜி.ஆர்.ஈ. பரீட்சையைக் கேட்கிற துறைகளுக்கு அதன் கணிதப் பகுதியில் உச்சப் புள்ளியான 170க்கு எவ்வளவு கிட்டப் போகிறீர்களோ அவ்வளவு நல்லது, ஆங்கிலப் பகுதியை நினைத்து நித்திரை கெட வேண்டாம்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம், வழக்கமாக மூன்று. "நல்ல பண்புள்ள, கடின உழைப்பாளியான மாணவர்" என்று எங்கள் சேர்மார் மனமுவந்து எழுதித் தருவார்கள், அது அங்கே எடுபடாது. "நான் படிப்பித்தவர்களில் முதல் ஐந்து பேருக்குள் வருவார், என் ஆய்வுக்கு இன்ன தரவைத் தனியே சுத்தம் செய்து இன்ன பிழையைக் கண்டுபிடித்தார்" என்று ஒப்பீடும் சம்பவமும் இருந்தால்தான் வாசிப்பார்கள். அப்படி எழுதுவதற்கு நீங்கள் அவரோடு வேலை செய்திருக்க வேண்டும், ஆகவே மூன்றாம் வருடத்திலேயே ஒரு லெக்சரரைப் பிடித்து ஆய்வில் கை கொடுங்கள். பட்டம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆய்வு உதவியாளராக இருப்பதும் இப்போது பரவலாகிவிட்டது, கொழும்பில் கொள்கை ஆய்வு நிறுவகம் போன்ற இடங்களைப் பாருங்கள். கடிதம் ஏற்றுவதற்கான இணைப்பு சேரின் ஸ்பாம் பெட்டிக்குள் போய்க் கிடக்கும், ஒரு கோல் எடுத்து நினைவூட்டுவதற்கு வெட்கப்படாதீர்கள்.

நோக்க அறிக்கையில், அதாவது ஏன் இதைப் படிக்க வருகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் கட்டுரையில், "சிறு வயது முதல் பொருளியலில் ஆர்வம்" என்று தொடங்கினால் கதை முடிந்தது. ஒரு கேள்வியை வையுங்கள். உதாரணமாக, வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டன, முன்னம் விடுபட்ட இடத்துக்கும் பிந்தி விடுபட்ட இடத்துக்கும் வீட்டு வருமானத்தில் என்ன வித்தியாசம்? இதற்கு என்ன தரவு வேண்டும், எங்கே இடிக்கும் என்பதையும் எழுதுங்கள். அரசு நடத்துகிற வீட்டு வருமான செலவின ஆய்வில் போர்க்காலத்து வடக்கு சேர்க்கப்படவில்லை, அதை நீங்களே சொன்னால் விஷயம் தெரிந்த ஆள் என்று அவர்களுக்கு விளங்கும். தமிழ் மொழி மூலம் படித்தவர்கள் அதை மறைக்க வேண்டாம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். அல்லது டோஃபல் என்ற ஆங்கிலப் பரீட்சையின் புள்ளி போதும், இரண்டுமே இரண்டு வருடம்தான் செல்லுபடி.

செலவு வலிக்கும். ஒரு துறைக்கு 75 முதல் 125 டொலர் வரை விண்ணப்பக் கட்டணம் போகும், பத்து இடத்துக்குப் போட்டால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். கட்டண விலக்கு இருக்கிறதா என்று ஒவ்வொரு துறைக்கும் மின்னஞ்சல் போடுங்கள், சில இடங்கள் தரும். கார்டில் டொலர் கட்ட முடியுமா என்று வங்கியில் முதலே கேட்டு வையுங்கள்.

முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பரில், சில ஜனவரி நடுப்பகுதி வரை போகும். நியூயோர்க் நேரம் இரவு 11:59 என்றால் எங்களுக்கு மறுநாள் காலை 10:29. அன்று கரண்ட் போகாது என்று நம்பி இருக்காதீர்கள். பதில்கள் பெப்ரவரி, மார்ச்சில் வரும். நிதியோடு வரும் அனுமதிக்குப் பொதுவாக ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல அவகாசம் உண்டு. காத்திருப்புப் பட்டியலில் நிற்பவர்களுக்குக் கடைசிக் கிழமையில்தான் இடம் அசையும், ஆகவே அந்த நாட்களில் துறைக்கு ஒரு வரி எழுதுங்கள். இரண்டு மூன்று இடம் கிடைத்தவர்கள் வேண்டாததை உடனே விட்டுக் கொடுத்தால் அந்தப் பட்டியலில் நிற்கிற இன்னொருவருக்கு அது போகும்.