நிரையில் நிற்கிற நாலு பேரின் அசைவையும் ஒன்றாக அளக்க

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது முதுகு எத்தனை பாகை வளைகிறது என்று பார்க்க உடம்பில் ஒரு பொட்டுக்கூட ஒட்டத் தேவையில்லை. நாலைந்து போன், அத்தனை ஸ்டேண்ட், ஒரு நல்ல லேப்டொப் போதும். 2017இல் வந்த ஓபன்போஸ் என்ற மென்பொருள் வீடியோவில் இருக்கிற ஒவ்வொருவர் உடம்பிலும் 25 புள்ளிகள் வைத்துத் தரும், போஸ்2சிம் என்ற இன்னொரு மென்பொருள் அவற்றை முப்பரிமாணமாக்கும், இரண்டும் ஆய்வுக்கு இலவசம்.

போன்களை நிரையை, அதாவது பறிக்கிற வரிசையை, சுற்றி வையுங்கள், ஒரே பக்கமாக வேண்டாம். ஒவ்வொரு மூட்டையும் குறைந்தது இரண்டு கெமராவாவது பார்க்க வேண்டும். செடி இடுப்புக்குக் கீழே மறைக்கும், மிச்சத்தை இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு மறைக்கும், ஆகவே காலை விட்டுவிட்டுத் தோள், முழங்கை, முதுகோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நொடிக்கு 60 பிரேம், போகஸ் பூட்டியிருக்கட்டும், ஆட்டம் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு கெமராவும் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுதிருத்தத்துக்குச் சதுரங்கக் கட்டம் அச்சிட்ட தாளைத் தட்டையான பலகையில் ஒட்டுங்கள். வெறும் தாள் என்றால் நம்ம பக்கத்து ஈரத்தில் அரை மணிக்குள் உப்பிவிடும். அப்புறம், நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான்: பலகையைச் சரிவில் படுக்கவைத்து அதையே தரை என்று சொல்லிவிட்டேன். மலை 20 பாகை சாய்ந்திருந்தால் மென்பொருளின் 'மேலே'யும் 20 பாகை சாயும், நிமிர்ந்து நிற்கிற அக்காவும் குனிந்திருப்பதாகக் கணக்கு வரும். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, செங்குத்தை அதிலிருந்து எடுங்கள்.

வீடியோக்களை நேரம் பொருத்தக் கைதட்டல் வேண்டாம். 20 மீட்டர் தள்ளியிருக்கும் போனுக்குச் சத்தம் போய்ச்சேரவே மூன்று பிரேமுக்கு மேல் பிடிக்கும். ஒருவர் கையை உயர்த்தி வெடுக்கென்று இறக்கட்டும், அந்த அசைவை வைத்துப் பொருத்தலாம்.

பல பேர் என்றால் உண்மையான தலைவலி ஆள் மாறுவதுதான். எல்லார் முதுகிலும் கூடை, எல்லார் தலையிலும் துணி. இரண்டு பேர் பக்கத்தில் வந்தால் ஒருவர் தோளோடு மற்றவர் மணிக்கட்டை மென்பொருள் சேர்த்துவிடும். முப்பரிமாணப் புள்ளியை மறுபடி படத்தில் வைத்துப் பார்க்கும்போது விலகல் திடீரென்று ஏறுகிற இடங்களைக் கண்ணால் பாருங்கள், அங்கேதான் பெரும்பாலும் ஆள் மாறியிருக்கும். அதைத் திருத்தாமல் வேகமான நடுக்கத்தை நீக்குகிற 6 ஹெர்ட்ஸ் வடிகட்டி போட்டால் பிழை அழகாக வழவழப்பாகும், அவ்வளவுதான்.

விரல் அசைவு இந்தத் தூரத்தில் கிடைக்காது. பறிக்கிறவர்களிடம் முன்னாடியே சம்மதம் கேளுங்கள், கங்காணியிடம் மட்டும் கேட்டால் போதாது. மூடுபனி இறங்கினால் பெட்டியைக் கட்டிவிட்டு மறுநாள் போங்கள்.