கல்லடி வீட்டில் ஒரு ராஸ்பெரி பை சேமிப்பகம்

2004 சுனாமியில் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் பழைய வீட்டோடு அம்மாவின் கலியாண ஆல்பமும் போனது. அதனால் இப்போது இருக்கிற படங்களை ஒரே ஒரு லேப்டாப்பில் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்றில் பழைய 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருளை நிறுவினேன். ஒரு மணி நேர வேலைதான்.

சிக்கல் பிறகு வந்தது. சின்னச் சின்னக் கோப்புகள் ஒழுங்காகப் போயின. தங்கச்சியின் சாமத்திய வீட்டு வீடியோவை நகலெடுக்கும்போது மட்டும் டிஸ்க் 'டிக்... டிக்' என்று இரண்டு தரம் சத்தம் போட்டுவிட்டு, பட்டியலில் இருந்தே மறைந்துவிடும். டிஸ்க் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். கெர்னல் பதிவை, அதாவது இயங்குதளம் தானே எழுதிவைக்கும் குறிப்பை, திறந்து பார்த்தால் 'அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்' (மின்னழுத்தம் போதவில்லை) என்ற வரி திரும்பத் திரும்ப இருந்தது. நான் போன் சார்ஜரில் ஓட விட்டிருந்தேன். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். அதன் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்து தருவதே 1.2 ஆம்பியர்தான். சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதில் பெரும்பகுதியை ஒரே இழுப்பில் இழுத்துவிடும்.

சரியான அடாப்டரும், தனி மின்சாரம் எடுக்கும் யூஎஸ்பி ஹப்பும் வாங்கினேன். சத்தம் நின்றது. அப்புறம் டிஸ்க்கை லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்து, பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் டிஸ்க்கின் அடையாளக் குறியான யூயூஐடியை எழுதி, 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்த்தேன். இதை விட்டுவிடாதீர்கள்: கரண்ட் போய் வரும்போது டிஸ்க் எழும்பப் பிந்தினாலும் பை நடுவில் நிற்காமல் பூட் ஆகும்.

இன்னொரு பிரதி அக்கரைப்பற்றில் மாமா வீட்டில் வேறொரு டிஸ்க்கில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதைக் கொண்டுவந்து மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலை ஓட விடுகிறேன்.